நாக்கில் கரையாத ஜெல்லி

மருத்துவமனைச் சமையற்கூடத்தில் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. தளதளக்கா என்று கேட்டால், பாத்திரம் கழுவுகிறவர் முதல் மூன்றாம் மாடி அறுவைச் சிகிச்சை டாக்டர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். வழியும் சுலபம்தான். குளிர்பதன அறையை ஒட்டிய கடைசி மேடை. இருபத்திரண்டு வருடமாக அவள் அங்கே நின்று ஜெல்லி உறைய வைக்கிறாள்.

வயிற்றில் கத்தி பட்டவர்களுக்கும், தொண்டை புண்ணானவர்களுக்கும், எதை நீட்டினாலும் முகத்தைத் திருப்புகிற குழந்தைகளுக்கும் முதலில் போவது அவளுடைய கிண்ணம்தான். ஒரு நாளைக்கு முந்நூறு கிண்ணம். வார்டுக்கு அனுப்புவதற்கு முன் ட்ரேயின் மூலையில் நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவாள். எல்லாக் கிண்ணங்களும் தளதளவென்று ஒருமுறை ஆடி உடனே அடங்க வேண்டும். ஆடவே இல்லையென்றால் பொடி கூடிவிட்டது. அடங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. ருசி பார்க்கும் வழக்கம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து நாக்குக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். “கண்ணு இருக்குல்ல, அது போதும்” என்பாள். அது போதாது என்று தெரிய வருவதற்கு ஐந்து வருடம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பொடி எதிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. பழச்சாற்றைச் சுடவைத்து, ஊறவைத்த பொடியைக் கலக்கி, ஊற்றிக் குளிரவைத்தால் முடிந்தது. நான்காம் வார்டில் ஒரு ஓவிய வாத்தியார் இருந்தார். முட்டை கலந்த ரொட்டியைக்கூடத் தொடமாட்டார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “இது பழச்சாறு மட்டும்தானேம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். “வெறும் பழச்சாறுதாங்க” என்று இவளும் இரண்டு தடவை சொன்னாள். பதினோரு நாள் சாப்பிட்டு, உடம்பு தேறி, கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

அதற்கடுத்த வாரம் புது மூட்டை வந்து இறங்கியபோது, ஸ்டோர்காரர் வாழைப்பழம் உரித்துக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார்: மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பு, எல்லாவற்றையும் ஊறவைத்து வேகவைத்து வடித்தெடுத்துக் காயவைத்தால் ஜெலட்டின். தளதளக்கா கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே விடியாத வீட்டில் பிறந்தவள். அவளுக்கு அருவருப்பெல்லாம் வரவில்லை. வாத்தியாரின் முகம்தான் வந்தது. அவரைத் தேடிப் போய்ச் சொல்ல விலாசமும் தெரியாது. செருப்புக்குள் விழுந்த கல் போல அது அன்றிலிருந்து அவளுடனேயே நடந்தது.

அந்தக் கல்லின் உபயத்தில்தான் மருத்துவமனையில் பச்சை மூடிக் கிண்ணம் வந்தது. அசைவம் தொடாதவர்களுக்குக் கடல்பாசியில் தனியாகச் செய்ய வேண்டும் என்று உணவுப் பிரிவு அதிகாரியம்மாவின் பின்னாலேயே எட்டு மாதம் அலைந்தாள். இதுவரை ஒருவரும் கேட்கவில்லையே என்றார் அந்த அம்மா. “தெரிஞ்சாத்தான மேடம் கேப்பாங்க” என்றாள் இவள். எட்டாம் மாதம் அதிகாரியம்மாவுக்கே அலுத்துப்போய்க் கையெழுத்துப் போட்டார். மஞ்சள் மூடியில் ஜெலட்டின், பச்சை மூடியில் கடல்பாசி. இன்றைக்கும் அதுதான் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. மஞ்சள் மூடிக் கிண்ணத்தில் வேகவைக்காத பச்சை அன்னாசிப்பழம் போடக் கூடாது. ஆரம்பத்தில் ஒருநாள் ஆசைப்பட்டு ஆளுக்கொரு துண்டு போட்டு வைத்தாள். முந்நூறு கிண்ணமும் உறைய மாட்டேன் என்று தண்ணீராகவே நின்றன. அன்னாசிக்கு ஜெலட்டின் என்றால் ஆகாது, கடித்துக் கரைத்துவிடும். கடல்பாசியிடம் அதன் பல் இறங்காது.

இத்தனையும் தெரிந்த பிறகு அவளைக் கடைக்குக் கூட்டிப் போவது யாராலும் முடியாத காரியமாயிற்று. இழுத்தால் நீள்கிற மிட்டாய், கெட்டித் தயிர்க் கோப்பை, கேக்கின் மேல் பளபளக்கிற பூச்சு, ஏன், மாத்திரைக் கூடு வரை ஒவ்வொன்றையும் திருப்பி, பொடி எழுத்தை மூக்குக்கு நேரே பிடித்துப் படிப்பாள். “இவகூட கடைக்கு வர்றதும் போலீஸ்கூட வர்றதும் ஒண்ணு” என்பார் கணவர். அவர் அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சைரன் என்று பட்டப்பெயர். வீட்டில் குரலே வெளியே வராது என்பதால் வைத்த பெயர்.

மகள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளையின் வீடு சுத்த சைவம். பையனின் அம்மா தபால் நிலையத்தில் மூன்றாம் கவுன்ட்டர். கடிதமோ மனிதரோ, எடை போடாமல் வாங்கமாட்டார். முதல் தடவை பார்க்கப் போனபோது, வந்தவர்களுக்கென்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மெத்மெத்தென்ற மார்ஷ்மெல்லோ மிட்டாய்களைத் தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்தார். தனக்கு உயிர் என்று சொல்லித் தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். “வாயில வச்சா மேகம் மாதிரி கரைஞ்சு போகும், பாருங்க.”

தளதளக்காவின் கண் மிட்டாய்க் கவரைத் தேடியது. மகள் கண்ணாலேயே கும்பிட்டாள்: அம்மா, இன்னிக்கு ஒரு நாள் வாயை மூடிக்கோ. ஆனால் அந்த அம்மா உள்ளே போனபோது இவளும் பின்னாலேயே போய், கவரைத் திருப்பி, ஜெலட்டின் என்ற ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டி, அது என்ன என்று காதோடு சொன்னாள். அவர் கவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து தட்டை எடுத்துக்கொண்டு, வேறு பலகாரம் இருந்ததை மறந்துவிட்டேன் என்று சபையில் சொல்லிவிட்டார்.

கல்யாணம் தடைபடவில்லை. “நான் தின்னும்போது ஊரே வேடிக்கை பாத்துச்சு. சொன்னது நீங்க ஒருத்திதான்” என்று சம்பந்தியம்மா பின்னால் ஒருநாள் சொன்னார். ஆனால் பிடித்த தின்பண்டத்தைப் பிடுங்கிக்கொண்ட குறுகுறுப்பு இவளுக்குப் போகவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் கடல்பாசியில் ஆரஞ்சு ஜெல்லி செய்து ஒரு பெரிய கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். சம்பந்தியம்மா சாப்பிடுவார், நல்லா இருக்கு என்பார். “என்ன, அது மாதிரி கரையாது. ஒடையும்” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வார். இரண்டு வருடம் இப்படி ஓடியது.

இந்தச் சமயத்தில் தளதளக்காவுக்குச் சனிக்கிழமை மாலை வேலை போட்டார்கள். வீடு வந்து கிண்டிக்கொண்டிருக்க முடியாது. நான் செய்து வைக்கிறேன் என்று சைரன் முன்வந்தார். அளவை ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினாள். பச்சை மூடி போட்ட டப்பாவில் கடல்பாசிப் பொடி. வேறெதையும் தொட வேண்டாம்.

சைரனுக்கு ஒரு பழக்கம். முப்பது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியதில் தொட்டி பாதிக்குக் கீழே இறங்க விட்டதே கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. உப்பு ஜாடி, பருப்பு டப்பா, விளக்கு எண்ணெய், எது குறைந்தாலும் அதே அலமாரியில் அதே போல் இருப்பதைத் தேடி எடுத்து மேலே நிரப்பிவிடுவார். பச்சை மூடி டப்பாவின் அடி தெரிந்தது. மேல்தட்டில் எழுத்தில்லாத கவரில் பொடி இருந்தது. ‘ஜெல்லி கட்டுகிற பொடிதானே’ என்று கொட்டிவிட்டார். அது ஏதோ ஒரு கம்பெனிக்காரர் மாதிரிக்காகக் கொடுத்த ஜெலட்டின். தளதளக்கா வீட்டுக்கு எடுத்து வந்து மறந்தே போயிருந்தாள்.

முதல் ஞாயிறு சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு, “கை பக்குவப்பட்டிருக்கு” என்றார். பஸ்ஸில் போகும்போது மடியில் கிண்ணம் வழக்கத்தைவிட அதிகமாக ஆடுவது தளதளக்காவுக்குத் தெரியத்தான் செய்தது. மனிதர் தண்ணீர் கூட ஊற்றிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாம் ஞாயிறு சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி வாயில் வைத்தார்.

“சம்பந்தியம்மா, உங்களுக்கு என் மனசு தெரிஞ்சுருக்கு. இப்பல்லாம் நாக்குல வச்சதும் கரையுது. அந்த மேகம் மாதிரியே.”

கடல்பாசி ஒருநாளும் நாக்கில் கரையாது. கொதிக்கிற சூட்டுக்குப் பக்கத்தில் போனால்தான் இளகும். வாய்ச் சூட்டுக்குக் கரைவது ஒன்றே ஒன்றுதான். தட்டில் மீதியிருந்த துண்டைப் பார்த்தாள். மதிய வெக்கையில் அதன் விளிம்பு மழுங்கி, சுற்றிலும் ஆரஞ்சு நிறத்தில் நீர் கசிந்து நின்றது. மகள் சிரித்தபடி அம்மாவைப் பெருமையாகப் பார்த்தாள். மாப்பிள்ளை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தலை வலிக்கிறது என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பச்சை மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள். கடல்பாசியாக இருந்தால் மணல் மாதிரி அடியில் கிடக்கும். இது ஐந்து நிமிடத்தில் தவளை முட்டை போல ஊதி நின்றது. சைரன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும், மேல்தட்டுக் கவரைக் கொட்டியதைச் சொல்லி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

அவர்தான் பேச்செடுத்தார். தெரியாமல் சாப்பிட்டார்கள், தெரியாமலே இருக்கட்டும், வருகிற வாரம் பழையபடி கடல்பாசி, யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்றார். பழையபடி வைத்தால் ஏன் கரையவில்லை என்று கேட்பார்களே என்றாள். பதம் தப்பிவிட்டது என்று சொல்லிவிடு என்றார்.

“இருபத்திரண்டு வருஷத்துல என் பதம் தப்பினதே இல்லீங்க.”

“சரிம்மா, என் பதம் தப்பிடுச்சுன்னு சொல்லு. எனக்கென்ன பேரா புகழா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. “பொண்ணு அந்த வீட்டுல இருக்குதுங்க” என்றாள். சொன்னால் மகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களோ, சொல்லாவிட்டால் தன்னால் அந்த வீட்டுப் படியேற முடியுமோ. இரண்டையும் தராசில் வைத்து வைத்து எடுத்தாள். முள் நடுவிலேயே நின்றது.

திங்கள், செவ்வாய் வேலையில் கழிந்தன. புதன்கிழமை காலை பச்சை மூடிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பூட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நின்றாள். வாத்தியாருடைய விலாசம்தான் தெரியாது. சம்பந்தியம்மாவின் கவுன்ட்டர் எண்கூடத் தெரியுமே. சாப்பாட்டு இடைவேளையில் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டுத் தபால் நிலையத்துக்கு நடந்தாள்.

வரிசையில் ஒன்பதாவது ஆள். முறை வந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து ஆச்சரியப்பட்டார். வீட்டில் எல்லாரும் நலமா என்று கேட்டார். தளதளக்கா கண்ணாடியின் ஓட்டைக்கு நேரே குனிந்தாள்.

“மூணு வாரமா நான் கொண்டு வந்தது கடல்பாசி இல்ல சம்பந்தியம்மா. ஜெலட்டின். டப்பாவுல பொடி மாறிப்போச்சு. ஞாயித்துக்கிழமை கரையுதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல.”

முத்திரை பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பின்னால் பொட்டலத்தோடு நின்றவர், “என்னம்மா, பார்சல் காணாமப்போச்சா?” என்று அனுதாபமாக விசாரித்தார். சம்பந்தியம்மா கையைக் கீழே இறக்கி, ஒரு கடிதமும் இல்லாத மேசையின் மேல் ‘டம்’ என்று முத்திரையைக் குத்தினார்.

“பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார்.

அன்று மாலை மகள் போனில் கிசுகிசுத்தாள். அத்தை வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். அலமாரியில் இருக்கிற பாத்திரம் பூராவும் இறக்கிப் போட்டுக் கழுவுகிறாராம். “எங்கிட்ட கோவமா இல்லம்மா. எங்கிட்ட பேசவே இல்ல. அதான் பயமா இருக்கு.” வியாழன், வெள்ளி, சனி, போன் வரவில்லை. தளதளக்கா ஒரு நாள் மஞ்சள் மூடியைப் பச்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, தானே கண்டுபிடித்து, நாற்பது கிண்ணத்தையும் திறந்து மறுபடி சரிபார்த்தாள். சனிக்கிழமை வேலையை ஒருத்தியிடம் மாற்றிக்கொண்டு வந்து, மூடி திறக்காத புதுப் பாக்கெட் வாங்கிப் பிரித்து, தன் கையாலேயே கிண்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சைரனும் கிளம்பினார். சம்பந்தி வீட்டுக்கு வா என்றால் முழங்கால் வலி என்பவர். “ஊத்துனது நான். வந்து நிக்கிறேன்” என்றார். கிண்ணத்தோடு கூடையில் ஒரு சின்னக் கோப்பையும் இருந்தது. அது எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

சம்பந்தியம்மாவின் சமையலறையில் பாத்திரங்கள் செய்தித்தாள் மேல் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. போன வாரம் விட்டுவிட்டு வந்த கிண்ணம் மட்டும் தனியாக ஜன்னல் மேல். மகள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா நாற்காலியைக் காட்டினார், இவள் உட்காரவில்லை.

“சாப்பிட்டதுக்கு நான் கோவப்படல” என்று ஆரம்பித்தார் சம்பந்தியம்மா. “அது டப்பா பண்ண வேலை.”

“டப்பா இல்லீங்க, நான்” என்றார் சைரன்.

“உங்ககிட்ட அப்புறம் வர்றேன்.” அவர் இவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். “ஞாயித்துக்கிழமை தெரிஞ்சுது. புதன்கிழமை வந்து சொல்றீங்க. நீங்க எந்திரிச்சுப் போனதும் மீதியை ஃப்ரிட்ஜ்ல வச்சேன். திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டேன். செவ்வாக்கிழமையும் சாப்பிட்டேன். அதுவும் மருமககிட்ட சொல்லாம, ஒளிச்சு வச்சு, ரசிச்சு. அந்த ரெண்டு நாளுக்கு யாரைச் சொல்றது? டப்பாவையா?”

தளதளக்கா மூன்று வாரத்தைப் பற்றித்தான் இத்தனை நாள் மன்னிப்புச் சேர்த்து வைத்திருந்தாள். இந்த இரண்டு நாளை அவள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“அந்த ரெண்டு நாள் என் தப்பு” என்றாள். “முன்னாடி தெரியாம பொய் சொன்னேன், ஒரு வாத்தியாருக்கு. இது தெரிஞ்சே சொல்லாம விட்டது. அதைவிடப் பெருசு.”

சம்பந்தியம்மா அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பவர் மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு கூடையைக் காட்டி, “இன்னிக்கு என்ன?” என்றார்.

“கடல்பாசி.”

“நான் எப்படி நம்புறது?”

அதற்காகத்தான் தளதளக்கா காத்திருந்தாள். கிண்ணத்தையும் கோப்பையையும் எடுத்து மேசை மேல் வைத்துத் திறந்தாள். இரண்டின் மேலும் பச்சை அன்னாசித் துண்டுகள். “நேத்து சாயங்காலம் ரெண்டுலயும் ஒரே நேரத்துல வச்சது. கோப்பையில இருக்கறது ஜெலட்டின். சாய்ச்சுப் பாருங்க.”

சம்பந்தியம்மா கோப்பையைச் சாய்த்தார். அன்னாசித் துண்டுகள் ஆரஞ்சுத் தண்ணீரில் நழுவி விளிம்புக்கு வந்தன. கிண்ணத்தைச் சாய்த்தார். ஒன்றும் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். மகள் பதறிக் கையை நீட்டினாள். அன்னாசி இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

“ஜெலட்டினா இருந்தா இந்தப் பழம் அதைத் தின்னுடும். இதை அதால ஒண்ணும் பண்ண முடியாது. இனிமே ஒவ்வொரு வாரமும் மேல அன்னாசி வச்சுத்தான் கொண்டு வருவேன். என் வார்த்தையை நம்ப வேண்டாம். சாய்ச்சுப் பாத்துட்டுச் சாப்பிடுங்க.”

சம்பந்தியம்மா கோப்பையை மறுபடி எடுத்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், தூரமாக வைத்தார். அதைக் கொஞ்சம் ஏக்கத்தோடுதான் வைத்தார், மறைக்கவும் இல்லை. பிறகு ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தில் இறக்கினார். ‘பொட்’டென்று உடைந்தது. வாயில் போட்டு மென்றார். எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கரையல” என்றார்.

“கரையாது.”

“நல்லாவும் இல்ல, மோசமும் இல்ல.” இன்னொரு கரண்டி எடுத்தார். “உக்காருங்க சம்பந்தியம்மா. எவ்வளவு நேரம் நிப்பீங்க, முழங்கால் மடங்காதது அவருக்குத்தானே.”

தளதளக்கா உட்கார்ந்தாள். மகள் வாசல்நிலையை விட்டு வந்து நான்கு தட்டு எடுத்து வைத்தாள். சம்பந்தியம்மா ஒரு தட்டில் பெரிய துண்டாக வெட்டிப் போட்டு, அன்னாசி வேண்டுமா என்று கேட்பதற்காகச் சைரன் பக்கம் திரும்பினார்.

சைரன் அங்கே இல்லை. சமையல் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அங்கே ஒரு கண்ணாடி ஜாடியில் உப்பு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் எழுத்தில்லாத ஒரு கவர். அவருடைய வலது கை தன்பாட்டில் கவரை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

“கையை எடுங்க” என்றார்கள் சம்பந்திகள் இருவரும், ஒரே மூச்சில்.